மருந்துக்குக் கேட்குமா?

நோயாளியை அழைத்துவரும் உறவினர் வைத்தியரிடம் கேட்கும் முதற்கேள்வி, நோயின் பெயர் என்ன என்பதன்று. "இது மருந்துக்குக் கேட்குமா, ஐயா?" என்பதே அக்கேள்வி. சொன்ன சொல்லைப் பிள்ளை கேட்பதுபோல நோயும் மருந்தின் சொல்லைக் கேட்கவேண்டும் என்று நம் மொழி எதிர்பார்க்கிறது. உடல்நோய்கள் பலவற்றில் இக்கேள்விக்கு விடையளிக்கும் ஆற்றலை வைத்திய விஞ்ஞானம் பெற்றுவிட்டது. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மடியும் என்பதை ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். மனச்சோர்வு என்னும் நோய்க்கோ அத்தகைய கண்ணாடித் தட்டு இன்னும் கிடைக்கவில்லை.

மனச்சோர்வு என்று நாம் இங்கே குறிப்பிடுவது, வாழ்வில் எவருக்கும் வந்துபோகும் துயரத்தை அன்று. வாரக்கணக்கில் விலகாத பாரம். உறக்கமும் பசியும் கெடுதல். நேற்றுவரை விருப்போடு செய்த தொழிலில் எந்தச் சுவையும் இல்லாதுபோதல். தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் இராப்பகலாக அரித்தல். உயிரோடிருப்பதே சுமை என்று தோன்றுதல். இவை சேர்ந்துவரும் நோய் அது. அதற்கு மருந்து உண்டு. பேச்சின் வழியாக ஆற்றும் சிகிச்சை முறைகளும் உண்டு. ஆயினும் ஒருவரைத் தேற்றிய குளிசை இன்னொருவரைத் தேற்றுவதில்லை. ஒரு மருந்து முழுப்பயன் தருகிறதா என்று அறியவே பல வாரங்கள் செல்லும். பயன் தராவிடில் அடுத்த மருந்து. மீண்டும் அதே காத்திருப்பு. வாழ விருப்பமற்ற ஒருவருக்குச் சில வாரங்கள் என்பது சிறிய காலமா? ஆதலால், யாருக்கு எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதை முன்கூட்டியே அறிய முயல்வது வீண் ஆராய்ச்சியன்று. மனிதாபிமானம் மிக்க முயற்சியே.

ஆனால், அம்முயற்சியின் உள்ளே ஓர் ஒழுக்கப் பிரச்சினை இருக்கிறது. ஒருவர் குணமடைவாரா, மாட்டாரா என்று கணித்துச் சொல்கிறோம் என்றால், அக்கணிப்பு எதைப் பற்றியது? அவருடைய மூளையைப் பற்றியதா, அவருடைய வாழ்க்கையைப் பற்றியதா? 'குணமடைவது ஐயம்' என்று கணக்குச் சொன்னால், அச்சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? நோயாளியை நோக்கியா, அவரைச் சூழ்ந்திருக்கும் சமுதாயத்தை நோக்கியா? விஞ்ஞானம் இதுவரை கண்டதையும், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்களும் அவர்களைப் போன்றோரும் பட்டதையும் அருகருகே வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

மூளைக்குள் தேடியவர்கள்

1980களின் தொடக்கத்தில், இரவில் டெக்சாமெதசோன் என்னும் மருந்தைக் கொடுத்து, மறுநாள் இரத்தத்தில் கோர்ட்டிசோல் எவ்வளவு என்று அளந்து கடும் மனச்சோர்வை இனங்காணலாம் என்ற பெரிய நம்பிக்கை எழுந்தது. நீரிழிவுக்குச் சர்க்கரை அளவு இருப்பதுபோல மனநோய்க்கும் ஓர் இரத்தச் சோதனை கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். பத்தாண்டு முடிவதற்குள் அந்நம்பிக்கை தளர்ந்தது. பின்னர் மூளையின் படங்களிலும், மூளையின் மின்னலைகளிலும், பரம்பரை அலகுகளிலும் தேடல் தொடர்ந்தது. பயனுள்ள துணுக்குகள் பல கிடைத்தன. எனினும், ஊர் வைத்தியசாலையில் இருக்கும் வைத்தியர் நம்பிக் கையாளத்தக்க சோதனை எதுவும் இன்றுவரை வந்துசேரவில்லை.

அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய 'ஸ்டார் டி' என்னும் பேராய்வு நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. அனைவருக்கும் முதலில் சிட்டலோப்ராம் என்ற ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. 2006இல் வெளிவந்த முடிவின்படி, அந்த முதற்படியில் நோய் முற்றாக நீங்கப்பெற்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. எஞ்சியோர் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படிகளை ஏற வேண்டியிருந்தது. படி ஏற ஏறக் குணமடைவோர் தொகை குறைந்தது. இடைநடுவில் விலகுவோர் தொகை கூடியது.

அதே ஆய்வின் தரவுகளைக் கணினிக்கு ஊட்டி, எவர் குணமடைவார் என்று கணிக்கும் முயற்சியொன்றை அடம் செக்ரவுட் என்பவரும் அவருடைய தோழர்களும் 2016இல் வெளியிட்டனர். இரத்தமும் வேண்டாம், மூளைப்படமும் வேண்டாம். நோயாளி தாமே சொல்லக்கூடிய 25 செய்திகள் போதும் என்றனர். கணினி நூற்றுக்கு 65 அளவில் சரியாகக் கணித்தது. வேறோர் ஆய்வின் நோயாளிகளிடம் பரிசோதித்தபோது அது 60 ஆயிற்று. காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது சரியாகும் என்பதை நினைவிற்கொண்டால், இது முன்னேற்றந்தான். ஆனால் மாபெரும் முன்னேற்றமன்று. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்த 25 செய்திகளில் நோயின் கடுமை போன்றவற்றோடு, அந்த மனிதருக்குத் தொழில் உண்டா, அவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பனவும் முன்வரிசையில் இடம்பெற்றிருந்தன.

2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒன்பது சிகிச்சைப் பரிசோதனைகளில் பங்குகொண்ட 4,864 நோயாளிகளின் தரவுகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. வேலையற்றோர் மூன்று நான்கு மாதங்களின் பின்னர், வேலையுள்ளோரைக் காட்டிலும் மோசமான நிலையில் இருந்தனர். சொந்த வீடுள்ளோரைவிட, பிறர் வீட்டில் ஒதுங்கியிருந்தவர்களும் வீடற்றவர்களும் பின்தங்கியிருந்தனர். தொடக்கத்தில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது, எந்த வகைச் சிகிச்சை கொடுக்கப்பட்டது என்பனவற்றைக் கழித்துக் கணக்கிட்டபோதும் இந்த வேற்றுமை மறையவில்லை. மூளைக்குள் விளக்கேற்றித் தேடியவர்களுக்கு வாசற்படியிலே கிடைத்த பொருள் இது: தொழிலும் வீடும்.

இன்னொரு பாடமும் உண்டு. 2024இல் செக்ரவுட்டும் மற்றும் சிலரும் மனச்சிதைவு நோய்க்கான மருந்துப் பரிசோதனைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். ஒரு பரிசோதனையின் நோயாளிகளைப் படித்துச் செம்மையாகக் கணித்த கணினி, அடுத்த பரிசோதனையின் நோயாளிகளிடம் வந்தபோது ஏறக்குறையத் தற்செயலின் மட்டத்துக்கே இறங்கிவிட்டது. ஓரிடத்து மனிதரைப் படித்துக் கற்ற கணக்கு மற்றோரிடத்து மனிதரிடம் செல்லுபடியாகும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது. அமெரிக்க நகரங்களின் கிளினிக்குகளில் பிறந்த கணக்கை அப்படியே புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இறக்குமதி செய்யத் துடிப்பவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஓர் ஊரும் இருபது ஆண்டுகளும்

எருக்கலம்பிட்டி மன்னார் நகருக்கு அண்மையில் உள்ள முஸ்லிம் ஊர். எருக்கலைச் செடியையும் மணற்பிட்டியையும் பெயரிலேயே தாங்கிநிற்கும் ஊர். கடலை நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். முத்துக்குளிப்பிலும் சங்குகுளிப்பிலும் பெயர்பெற்ற சுழியோடிகள் அங்கே இருந்தனர்.

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில், தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டது. சில நாட்களுள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு, காணி, வலை, வள்ளம், கடை, நகை யாவற்றையும் விட்டு வெளியேறினர். மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்தின் உப்புக்காற்றில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. பாலாவியை அடுத்த நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி மக்கள் தங்கள் ஊரின் பெயரையே வைத்துப் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். போர் 2009இல் முடியும்வரை, ஒரு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்து மணமுடித்தது.

இது இயற்கையின் சீற்றமன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் மக்களின் விடுதலை என்ற பெயரால், தமிழ் பேசும் மக்கள்மீதே இழைக்கப்பட்ட கொடுமை இது. தமிழ் அறிவுலகத்தில் ஒரு சிலரே இதைக் கண்டித்துக் குரலெழுப்பினர். பெரும்பகுதி மௌனம் காத்தது. ஆகவே, அம்மக்களின் மனநோயைப் பற்றிப் பேசும்போது, அதை அவர்களுடைய நரம்புகளின் குறைபாடாக மட்டும் பேசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

அப்படி வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வடபுல முஸ்லிம்களிடையே, 2011இல் செஸ்மல் சிறிவர்தன என்ற இலங்கை மருத்துவ ஆய்வாளர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 450 வயதுவந்தோர் வினவப்பட்டனர். ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதன் முடிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். அவை பலருடைய எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகின்றன.

வீடிழந்து இருபதாண்டு அகதிகளாக வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் மனநோயாளிகளாகவே இருப்பர் என்று தொலைவில் இருப்போர் எண்ணக்கூடும். ஆனால் பொதுவான மனநோய்களுள் ஏதேனும் ஒன்று இருந்ததாகக் கண்டறியப்பட்டோர் 18.8 சதவீதத்தினர். அதாவது ஐவரில் நால்வர் நிமிர்ந்தே நின்றார்கள். பேரதிர்ச்சியின் பின் வரும் மனவடு நோய் என்று உலகெங்கும் பேசப்படும் நோய் 2.4 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. கடும் மனச்சோர்வு 5.1 சதவீதம், ஏனைய மனச்சோர்வு வகைகள் 7.3 சதவீதம். எல்லாவற்றிலும் மேலாக நின்றது, உடற்காரணம் புலப்படாத உடல்நோவு: 14 சதவீதம். துயரம் அங்கே 'எனக்கு மனச்சோர்வு' என்று பேசவில்லை. தலையிடியாகவும், நெஞ்சுப் பாரமாகவும், கைகால் உளைச்சலாகவும் பேசியது. வினாத்தாளில் மனத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு உடலின் சொல்லைக் குறித்துக்கொள்ளாத கணினி, இந்த மக்களைப் பற்றி எதைக் கணித்துவிடப் போகிறது?

நோயோடு சேர்ந்து காணப்பட்டவை எவை? வேலையற்றோரிடையே நோய் இருக்கும் வாய்ப்பு ஏனையோரைப்போல் 2.8 மடங்கு. கணவனையோ மனைவியையோ இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர் ஆகியோரிடையே 4.9 மடங்கு. அடுத்த வேளை உணவுக்கு உறுதியில்லாதோரிடையே 1.7 மடங்கு. வேலை, துணை, உணவு: இந்த மூன்று சொற்களும் எந்த ஆய்வுகூடத்திலிருந்தும் வந்தவை அல்ல. வேலையின்மை நோயைத் தந்ததா, நோய் வேலையைப் பறித்ததா என்று இந்த ஒரு கணக்கைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது என்பது உண்மை. ஒன்றையொன்று இழுக்கும் சங்கிலி அது. ஆனால், சங்கிலியின் எந்தக் கண்ணியை மனிதர் கைவைத்து அறுக்கலாம் என்பதை அது காட்டிவிடுகிறது.

இந்த ஆய்வின் தொடர்ச்சி இன்னும் சிந்திக்கத்தக்கது. ஏறத்தாழ ஓராண்டின் பின், புத்தளத்திலேயே தங்கியிருந்தவர்களுள் 338 பேர் மீண்டும் வினவப்பட்டனர். 18.8 ஆக இருந்த அளவு 8.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. வடக்கே திரும்பிச் சென்றவர்களிடையே அது 10.3 சதவீதம். இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ஒரு நாள் எடுத்த அளவை வைத்து ஒருவரை என்றைக்கும் உரிய நோயாளி என்று முத்திரை குத்த முடியாது. இரண்டாவது, 'ஊருக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதும் எளிமையான கனவே. காடு மண்டிய காணிக்கும், கூரையில்லாத சுவருக்கும், பிறர் கைப்பட்ட கடலுக்கும் திரும்புவது திரும்புதல் ஆகுமா? தங்கினாலும் திரும்பினாலும், கேள்வி ஒன்றே: அங்கே வாழ வழியிருக்கிறதா?

ஆரூடமும் முன்னறிவும்

இப்போது ஒழுக்கப் பிரச்சினைக்கு வருவோம். மன்னார்க் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு முன்கணிப்பு புதியதன்று. வாடைக்காற்று எப்போது எழும், சோளகம் எப்போது ஓயும் என்று பார்த்துத்தான் அவர்கள் வள்ளத்தைத் தள்ளுகிறார்கள். ஆனால் காற்றைக் கணிப்பதற்கும் மனிதரைக் கணிப்பதற்கும் இடையே ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. தன்னைப் பற்றி மனிதர் சொல்வதைக் காற்றுக் கேட்பதில்லை. மனிதரோ கேட்கிறார். 'நீ தேறமாட்டாய்' என்ற சொல், தேறாமைக்கான காரணங்களுள் தானும் ஒன்றாகிவிடுகிறது. நம்பிக்கையிழப்பையே அடையாளமாகக் கொண்ட ஒரு நோயில், அவநம்பிக்கையைக் கணக்காக எழுதிக் கொடுப்பது சிகிச்சையா, நோயின் பங்காளியாவதா?

இன்னொரு வேற்றுமையும் உண்டு. சுழியோடி ஒருவர் எத்தனை நேரம் நீருக்கடியில் தாக்குப்பிடிப்பார் என்று கணிக்க விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நெஞ்சின் விரிவை அளக்கலாம், வயதைக் கேட்கலாம், பழக்கத்தைக் குறிக்கலாம். ஆனால், அவர் உயிரோடு மேலே வருவது மூச்சை மட்டும் பொறுத்ததன்று. மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் விழிப்பாக இருக்கிறாரா, இழுத்த சைகையை உணர்கிறாரா, உடனே தூக்குகிறாரா என்பதையும் பொறுத்தது. கயிறு பிடித்தவரைக் கணக்கில் சேர்க்காமல் சுழியோடியின் நெஞ்சை மட்டும் அளந்து, 'இவர் தேறமாட்டார்' என்று கூறும் விஞ்ஞானம் அரை விஞ்ஞானமே. மனச்சோர்வில் ஆழ்ந்தவரின் கயிறு யார் கையில் இருக்கிறது? குடும்பத்தின் கையில், அயலவர் கையில், வைத்தியசாலையின் கையில், அரசாங்கத்தின் கையில், நம் கையில்.

கிளினிக்குக்கு வரும் கைம்பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. பிறர் வீட்டுத் தாழ்வாரத்தில் இரு பிள்ளைகளோடு வாழ்கிறார். நிரந்தரத் தொழில் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தலையிடியும் உறக்கமின்மையும் என்று சொல்லி வருகிறார். இந்தச் செய்திகளைக் கணினியிடம் கொடுத்தால், 'முதல் மருந்துக்குத் தேறும் வாய்ப்புக் குறைவு' என்று அது சொல்லக்கூடும். அது பொய்யும் அன்று. அந்த எண்ணை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஒரு வழி இருக்கிறது. 'மருந்தும் குறைவு, நேரமும் குறைவு. தேறக்கூடியவர்களுக்கு முதலிடம் கொடுப்போம். இவருக்கு ஒரு குளிசையை எழுதி அனுப்புவோம்.' கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஆனால் விளைவைப் பாருங்கள். குறைந்த கவனிப்புப் பெற்ற அந்தப் பெண் தேறமாட்டார். அவர் தேறாத செய்தி மீண்டும் கணினிக்குள் செல்லும். 'நான் அன்றே சொன்னேன்' என்று கணினி இன்னும் உறுதியாகச் சொல்லும். அடுத்து வரும் கைம்பெண்ணுக்கு இன்னும் குறைந்த கவனிப்பே கிடைக்கும். வறுமை ஒரு முறை அவரைத் தாக்கியது. வறுமையைப் பற்றிய கணக்கு இரண்டாம் முறை தாக்குகிறது. யாழ்ப்பாணத்தில் தலையெழுத்து என்றும், மன்னார் முஸ்லிம்களிடையே நஸீபு என்றும் வழங்கிய சொல்லுக்கு, இப்போது எண்களின் உடை அணிவிக்கப்படுகிறது. பழைய விதியோடு பிரார்த்தனை செய்தாவது மன்றாடலாம். இந்தப் புதிய விதியோடு மன்றாடவும் வழியில்லை.

மற்றொரு வழியும் இருக்கிறது. அதே எண்ணைப் பார்க்கும் வைத்தியர், 'இவருக்குக் குளிசை மட்டும் போதாது என்று கணக்குச் சொல்கிறது; ஆகவே இவருக்கு மற்றவர்களைவிட அதிகம் வேண்டும்' என்று முடிவுசெய்யலாம். இரண்டு வாரத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும். வீட்டுக்குச் சென்று பேசும் ஓர் ஊழியர் வேண்டும். கணவனை இழந்தோருக்குரிய உதவிப்பணம் கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச்செலவுக்கு வழி காண வேண்டும். இங்கே எண் தீர்ப்பாக இல்லை, கோரிக்கையாக மாறிவிட்டது. குணமடையும் வாய்ப்புக் குறைந்தவர் என்று கணிக்கப்படுவோர் கூடுதலாகப் பெறவேண்டியவரே தவிர, குறைவாகப் பெறவேண்டியவர் அல்லர். ஆரூடத்துக்கும் முன்னறிவுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஆரூடம் நடக்கப்போவதைச் சொல்லிக் கைகட்டச் செய்கிறது. முன்னறிவு நடக்கப்போவதைச் சொல்லி அதைத் தடுக்கக் கைகொடுக்கிறது.

இரண்டு மறுப்புகள்

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். நம் முகாமைச் சேர்ந்த சிலர் சொல்வர்: 'அப்படியானால் மருந்து எதற்கு? சமுதாயத்தை மாற்றினால் போதுமே. மனச்சோர்வுக்குக் குளிசை கொடுப்பது மக்களின் கோபத்தை மழுங்கடிக்கும் தந்திரம் அல்லவா?' இந்தப் பேச்சு புரட்சிகரமாக ஒலிக்கலாம். நோயாளிக்கு அது கொடுமை. வசதியுள்ள வீடுகளிலும் மனச்சோர்வு புகுகிறது. வேலையும் வீடும் உள்ளவர்களையும் அது படுக்கையில் வீழ்த்துகிறது. மருந்தால் எழுந்து நடந்தவர்கள் ஆயிரமாயிரம். சமுதாயம் மாறும்வரை படுத்திரு என்று நோயாளியிடம் சொல்ல எவருக்கு உரிமையுண்டு? கால் முறிந்தவனுக்குக் கட்டுப்போடுவதும் வேண்டும். பாதையிலுள்ள குழியை மூடுவதும் வேண்டும்.

மறுபக்கத்திலிருந்து வரும் குரல் இது: 'வைத்தியர் என்ன செய்வார்? வேலையும் வீடும் அவர் எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டில் அடங்குமா? உளமருத்துவர்களோ மிகச் சிலர். ஏழை நாட்டில் இதெல்லாம் ஆகிற காரியமா?' இதற்கு விடை கோவாவிலிருந்து கிடைக்கிறது. விக்ரம் படேலும் அவருடைய தோழர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுற்றோருக்கு, மருத்துவப் பட்டமோ உளவியல் பட்டமோ இல்லாத ஊர் மக்களே பயிற்சி பெற்று ஆறு முதல் எட்டு அமர்வுகளில் ஆலோசனை வழங்கினர். அந்த நோயாளிக்கு வாழ்வில் எந்தச் சிறு செயலை மீண்டும் தொடங்க முடியும் என்று தேடிக் கண்டு, அதைச் செய்யத் துணைநின்றதே அவர்கள் முறை. மூன்று மாதத்தில் அவர்களிடம் சிகிச்சை பெற்றோருள் 64 சதவீதத்தினர் நோய் நீங்கினர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோருள் 39 சதவீதத்தினரே நீங்கினர். வந்தவர்களின் வறுமை மாறவில்லை, மூளை மாற்றிவைக்கப்படவுமில்லை. கயிறு பிடிக்க ஒருவர் வந்துசேர்ந்தார், கணக்கு மாறியது.

போர் ஒரு தனிமனிதரின் மனத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரக் காயப்படுத்துகிறது என்பதை யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருக்கிறார். காயம் கூட்டாக ஏற்பட்டதென்றால் சிகிச்சையும் கூட்டாகவே இருக்க வேண்டும். நாகவில்லுவில் ஊர்ப்பெயரோடு எழுந்த அந்தப் பள்ளிக்கூடம் ஓர் ஊரைச் சிதறாமல் காத்த கயிறுகளில் ஒன்று என்று கருதுவதில் தவறில்லை. ஐவரில் நால்வர் நிமிர்ந்து நின்றதன் இரகசியத்தை மூளைப்படத்தில் தேடுவதற்கு முன், பள்ளிவாசல் முற்றத்திலும், பள்ளிக்கூடத்திலும், அயல்வீட்டு அடுப்படியிலும் தேட வேண்டும்.

செய்யத்தக்கது என்ன?

ஒருவரைத் தனியே கணிப்பதைவிடச் சூழ்நிலையை மாற்றுவது எவ்வளவு ஆற்றலுடையது என்பதற்கு இலங்கையே உலகத்துக்குச் சான்றாக நிற்கிறது. 1995இல் இந்நாட்டின் தற்கொலை விகிதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. உலகிலேயே மிகவுயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. மிகக் கொடிய பூச்சிகொல்லி நஞ்சுகளின் இறக்குமதி 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டது. 2005 அளவில் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட ஏறத்தாழ இருபதினாயிரம் தற்கொலைகள் குறைந்தன. அந்த இருபதினாயிரம் பேர் யார் யார் என்று எவரும் முன்கூட்டிக் கணிக்கவில்லை, கணித்திருக்கவும் முடியாது. தற்கொலையைத் தனியாள் அளவில் கணிக்க உலகம் ஐம்பது ஆண்டுகள் செய்த முயற்சிகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, அவை தற்செயலைவிடச் சிறிதே மேலானவை என்று தெரியவந்தது. கணிப்புத் தோற்ற இடத்தில் ஒரு சட்டம் வென்றது.

இதனால் கணிப்பு ஆராய்ச்சியைக் கைவிட வேண்டும் என்பது பொருளன்று. முதல் இரு வாரங்களில் சிறிதும் தேறாதவருக்குச் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது போன்ற எளிய அறிவும் கணிப்புத்தான். அது உயிரைக் காக்கும். நாம் கேட்பது, அந்த ஆராய்ச்சி சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே. எந்த மக்களிடமிருந்து கற்றதோ அந்த மக்களுக்கு அப்பால் அதை நம்பக்கூடாது. நோயாளிக்குச் சிகிச்சையை மறுக்கவோ குறைக்கவோ அதைப் பயன்படுத்தக்கூடாது. தொழிலில்லை, வீடில்லை என்பது கணக்கில் வந்தால், அந்தக் கணக்கு வைத்தியசாலையின் கோப்போடு நின்றுவிடாமல், தொழிலுக்கும் வீட்டுக்கும் பொறுப்பானவர்களின் மேசைக்கும் போக வேண்டும்.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அது தொழிலாளரும் இடதுசாரி இயக்கமும் போராடிக் காத்த செல்வம். ஆனால் பேருந்துக் கட்டணம் இலவசமன்று. இழந்த நாட்கூலியை எவரும் திருப்பித் தருவதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் நோயாளிகளை வாட்டியது. மருந்தே கிடைக்காத மாதத்தில், மருந்துக்குக் கேட்கும் நோயா கேட்காத நோயா என்று ஆராய்வது எத்தகைய கேலி!

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. வகுப்பில் வாயடைத்துப்போன பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியர். அயல்வீட்டில் படுக்கையை விட்டு எழாத தாயை முதலில் அறிபவர் மாணவர். 'பைத்தியம்' என்ற சொல்லைத் தம் நாவிலிருந்து நீக்குவதும், கிளினிக்குக்குத் துணையாகச் செல்வதும், கோவாவின் ஊர் மக்கள் கற்றதைத் தாமும் கற்பதும் அவர்களால் ஆகும். திரும்பி வந்த எருக்கலம்பிட்டி மக்களின் காணிக்கும் தொழிலுக்கும் கடலுரிமைக்கும் தமிழ் மாணவர் குரல் கொடுப்பது, அரசியற் கடமை மட்டுமன்று. அதுவும் ஒருவகை வைத்தியமே.

'இது மருந்துக்குக் கேட்குமா?' என்று கேட்கும் உறவினருக்கு இன்றைய விஞ்ஞானம் தரக்கூடிய நேர்மையான விடை இது: 'உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால், உண்ண உணவும், செய்யத் தொழிலும், தங்க வீடும், பக்கத்தில் ஒரு துணையும் இருந்தால், கேட்கும் வாய்ப்பு மிகுதி.' அந்த விடையில் ஒரு பகுதியை வைத்தியர் நிறைவேற்றுவார். எஞ்சிய பகுதி நாம் நிறைவேற்ற வேண்டியது.